உச்ச வரம்பு
தங்கம்மாளின் இரத்தத்தில் வைட்டமின் பி12 இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் அளக்க ஆய்வக இயந்திரத்தால் இயலவில்லை. மருத்துவமனையில் காத்திருந்தவர்களில் மற்ற அனைவருக்கும் குறைவு, தமக்கு மட்டுமே மிகுதி என்று அறிந்துகொண்ட அவர், அறிக்கையை மடிப்பு விழாமல் ஏந்திக்கொண்டு மருத்துவரின் அறைக்குள் நுழைந்தார். “சத்து மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா, அம்மா?” என்றார் மருத்துவர். “இந்த எழுபத்து மூன்று வயதுவரை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.” “ஊசி?” “அதுவும் இல்லை.” ஒவ்வொரு பதிலுக்கும் தங்கம்மாளின் முதுகு நிமிர்ந்தது; மருத்துவரின் குரல் தணிந்தது. “நன்றாக யோசியுங்கள். மாத்திரையால் கூடியிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் கல்லீரலைப் பார்க்க வேண்டும், இரத்தத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும்.” உடன் வந்திருந்த மகள் பூங்கோதை தாயின் மணிக்கட்டைப் பற்றினாள். “யாராவது டானிக் கொடுத்திருப்பாங்கம்மா. ஒரே ஒரு பாட்டில்? ஆமான்னு சொல்லேன்.” “பொய் சொல்லச் சொல்கிறாயா?” என்று அதட்டிவிட்டுத் தங்கம்மாள் கட்டிலில் படுத்தார். மருத்துவர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். “அழுத்திப் பாருங்கள் டாக்டர். அங்கேயும் ஒரு குறையும் இருக்காது.” விரல்கள் ஓரிடத்தில் நின்றன. அறிக்கை தங்கம்மாளின் மார்பின்மேல் கசங்காமல் கிடந்தது.