வக்கீல் ஜோக்

காலை பத்து மணிக்கு வக்கீல் நாற்காலியைக் கட்டிலின் வலப்பக்கம் இழுத்துப் போட்டு, மைத்துனனின் வலக்கையைப் பிடித்துக்கொண்டார். இடக்கை பச்சைத் துணிக்கு அப்பால், நர்ஸிடம் இருந்தது. ரம்பம் துண்டாக்கிய கட்டைவிரலை முந்தாநாள் ஒட்டவைத்திருந்தார்கள். அது நிலைக்காவிட்டால் அந்தத் தச்சன் இனி உளி பிடிக்க முடியாது.

"என்னையே பாரு மாப்ள. வக்கீல் ஜோக் ஏதாவது சொல்லு."

வீட்டில் அந்த ஜோக்குகளுக்கு அவர் தடை போட்டிருந்தார்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே மாமா?"

"சொல்லுடா."

"கொசுவெல்லாம் உங்க ஆபீஸ் பக்கமே வராதாம்."

"ஏன்?"

"வந்தா அதுங்க ரத்தம் போயிடும்னு பயம்."

"அடப்பாவி! அடுத்தது?"

"அட்டைக்கும் வக்கீலுக்கும் என்ன வித்தியாசம்?" தச்சன் அவர் முகத்தையே பார்த்தான். "அட்டை வயிறு நிறைஞ்சா விட்டுடும்."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பிடி இன்னும் இறுகியது.

"முடிஞ்சதுங்க" என்றார் நர்ஸ். இடுக்கியால் எதையோ எடுத்துப் பாட்டிலில் போட்டு மூடினார். உள்ளே கொழுத்த அட்டை ஒன்று சுருண்டு கிடந்தது.

ஒட்டிய விரலில் தேங்கும் ரத்தத்தை அட்டைதான் உறிஞ்ச வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "செய்யுங்க, நான் பாக்க மாட்டேன்" என்று தச்சன் ஒப்புக்கொண்டிருந்தான். அட்டையைக் கண்டாலே அவனுக்கு மயக்கம் வரும்.

"நீலமா இருந்தது சிவந்துடுச்சு. விரல் பிழைச்சுக்கும்" என்றார் நர்ஸ்.

தச்சனுக்குக் கண் நிறைந்தது. துடைக்க வலக்கையைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை.

"அட்டையே விட்டுடுச்சு. நீங்க எப்ப விடுவீங்க மாமா?"