ஓரத்துக்கு வராத குமிழி

அந்தப் பழைய காரின் கூரைத்துணி தொங்கிய தொங்கலில் ஒரு யானைக்குட்டியைத் தூளியில் போட்டு ஆட்டலாம்.

சீட் தைக்கும் கடைக்காரர் தன் தங்கை கணவரைச் சீண்டினார். "ஏன் மாப்ள, இந்தத் துணி உன் வழுக்கையைத் தினமும் துடைச்சுவிடுது, அதைப் போய் ஒட்டச் சொல்றியே?"

"நக்கலை விடுங்க மச்சான். உங்க தங்கச்சியும் கைக்குழந்தையும் இதுலதான் கிளம்பணும்."

கடைக்காரர் கூரைப் பலகையைக் கழற்றி, மக்கிய பஞ்சைச் சுரண்டி, பசை தடவிப் புதுத்துணியை ஒட்டி மாட்டினார். அதன்மேல் எறும்பு நடந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், அத்தனை விறைப்பு.

தங்கை குழந்தையோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தையின் தலைக்கு நேர் மேலே துணி உள்ளங்கையளவு புடைத்தது.

"காத்துக்குமிழிதான்," என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் வழக்கம்போல் அதை ஓரத்துக்குத் தள்ளினார். அது காற்றுபோல் நசுங்கவில்லை. கெட்டியாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்துக்கு வராமல் அவர் கையைச் சுற்றிக்கொண்டு மறுபடி குழந்தையின் தலைக்கு மேலேயே போய் நின்றது. தங்கை சீட்டின் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். குமிழியும் நகர்ந்தது.

கடைக்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இறங்கும்மா."

"என்னண்ணே, பசை வாசனை தலைக்கேறிடுச்சா?"

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு இறங்குன்னு சொல்றேன்!"

அவள் இறங்கினாள். காருக்குள் துணி சட்டென்று சமமானது. கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெயில் சுட்டதால் அவள் கடை வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயின் நிழலில் போய் நின்றாள். காற்றே இல்லை. குழந்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்து, கையை மேலே நீட்டியது. தார்ப்பாய் மெல்லத் தாழ்ந்து அந்தக் கையை நோக்கி வந்தது.