ஏசி போட்டால் வரும் நாற்றம்

ஏசி போட்டாலே நாறுகிறது என்று கொண்டுவந்திருக்கிறேன். மெக்கானிக் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு வயதான என் குட்டி எஸ்யூவிக்குள் கையை விடுகிறார். ஃபில்டர் வருகிறது, அதோடு எலிக்கூடும் வருகிறது. சீட்டுப் பஞ்சு, டிஷ்யூத் துணுக்குகள், புழுக்கை, நடுவில் பாதி அழுகிய எலி. எங்கிருந்தோ ஈக்கள் வந்து மொய்க்கின்றன. எல்லாவற்றையும் சுற்றிக் கட்டியிருப்பது நீளமான கருமுடி. “வீட்டம்மாவுக்கு நல்ல முடி சார். மெத்தை போட்டுப் பிரசவமே பாத்திருக்கு எலி” என்று சிரிக்கிறார். “கார் கண்ணாடியத் தொறக்கவே மாட்டீங்களா?” “அவ இறந்தப்புறம் தொறக்கலண்ணே. அவ வாசனை போயிடும்னு.” அவர் சிரிப்பை விழுங்குகிறார். முடியில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. ஒரு புழு அதில் நெளிகிறது. “நாலு கதவையும் தொறந்து போடணும் தம்பி” என்கிறார் மெதுவாக. “ஒரு நிமிஷம்ணே.” உள்ளே குனிந்து, அவள் உட்காரும் இருக்கையின் முதுகில் மூக்கை அழுத்தி, மூச்சை ஆழமாக இழுக்கிறேன். எலிதான் நாறுகிறது. “தொறங்க” என்கிறேன்.