சுருக்கம் வேண்டாம்

"இந்த ராட்சத ரோபோ கதையை முதல்ல இருந்து பார்க்கணும் சார். எங்க ஆரம்பிக்கிறது?"

இடுக்கியால் ஒரு பொம்மை ரோபோவின் முழங்காலைப் பொருத்திக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார். இப்படி ஒருவர் வந்து கேட்க மாட்டாரா என்றுதான் அவர் கடையே திறந்து வைத்திருந்தார். சுவர் முழுக்க ரோபோ பெட்டிகள், நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கச் சந்து. அங்கே வழக்கமாக வருபவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். எந்தக் கார்ட்டூன் தொடர் உசத்தி என்று சண்டை போடத்தான் வருவார்கள்.

கேட்டவள் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"போன்ல தேடினேன். பாதி கிடைக்கவே இல்ல. கிடைச்ச பாதியிலயும் தலை சுத்துது. நாப்பது வருஷமா எடுத்துக்கிட்டே இருக்காங்களாமே?"

"அதைக் கேட்டுத்தான் எல்லாரும் மிரண்டு ஓடறாங்க. நீங்க ஓடாதீங்க." ஒரு சின்ன டிஸ்க் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "முதல் தொடரையே சுருக்கி மூணு படமா விட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்."

"சுருக்கம் வேண்டாம் சார். முழுசா வேணும்."

"முழுசு ரொம்பப் பழசு மேடம். வரைய ஆள் பத்தாம, ஒரே சண்டையைத் திருப்பித் திருப்பி ஓட்டியிருப்பாங்க. கொட்டாவி வரும்."

"வரட்டும்."

கடைக்காரர் அசரவில்லை. இன்னொரு பெட்டியை எடுத்தார். "சரி, இது தனிக் கதை. முன்னாடி என்ன நடந்ததுன்னு தெரிய வேண்டாம். புது ரோபோ, அதை ஓட்ட ஒரு புதுப் பொண்ணு. புதுசா வர்றவங்க நேரா இதுக்கே வந்துடலாம்."

"அதையும் பார்ப்பேன். அது முறை வரும்போது."

"மேடம், வெளிவந்த வரிசைப்படி எல்லாத்தையும் பார்க்கறதுன்னா மாசக்கணக்குல ஆகும். வருஷம்கூட ஆகலாம்."

"ஆகுமா?" அவள் முகம் மலர்ந்தது. "நிச்சயமா ஆகுமா?"

இப்படி ஒரு கிராக்கியை அவர் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. அவள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "குடுங்க இப்படி" என்று வாங்கி, தளர்ந்திருந்த திருகை அவருடைய இடுக்கி முனையாலேயே முடுக்க ஆரம்பித்தாள்.

"கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்காரருக்கு இது பிடிக்குமோ? புதுசா கல்யாணம் ஆனவங்களா?"

"பிடிக்கும். கல்யாணம் பழசு." திருகிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "நாங்க பிரியறதா முடிவு பண்ணிட்டோம்."

கடைக்காரர் கையிலிருந்த ரோபோவின் காலைக் கீழே வைத்தார்.

"சண்டை எல்லாம் இல்ல சார். பேச்சே இல்ல. அப்படியே பழகிப்போச்சு. போன வாரம் சாமான் பிரிச்சோம். மிக்ஸி எனக்கு, சோபா அவருக்குன்னு. அவர் அலமாரி நிறைய இந்த ரோபோங்க. ஒண்ணைக் கையில எடுத்து, 'இது யாரு?'ன்னு சும்மாதான் கேட்டேன். அவர் பேச ஆரம்பிச்சார் பாருங்க, அடுப்புல வச்ச பால் பொங்கி வழிஞ்சது கூட ரெண்டு பேருக்கும் தெரியல."

அவள் திருகை இன்னொரு சுற்று முடுக்கினாள். "நாள் முழுக்க யார் யார்கிட்டயோ 'இந்த எழுத்து தெரியுதா, அது தெரியுதா'ன்னு கேக்கிறேன். வீட்ல ஒரு மனுஷன் தினம் என்ன பார்க்கிறார்னு ஒரு நாள் கேட்டதில்ல."

"அவர்கிட்டயே இதைச் சொல்லலாமேம்மா."

"வாய் வரல. 'இவ்வளவு நல்ல கதையா, முழுசாப் பார்த்துட்டுப் போறேனே'ன்னு மட்டும் சொன்னேன். அவரும் தலையாட்டினார். 'டிஸ்க்கெல்லாம் நான் வாங்கிட்டு வர்றேன்'னார். அதுதான் பயம். அவர் பாட்டுக்கு உங்க மூணு படத்தைத் தூக்கிட்டு வந்தா, ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் பெட்டியைக் கட்டணும். அதுக்கு முன்னாடி முழுத் தொடரும் இருக்கிற பெரிய பெட்டியை நான் வாங்கிடணும்."

கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு இரண்டு பெட்டிகளையும் மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன். பெரிய பெட்டி என்கிட்ட இல்ல. அதனாலதான் சின்னதை உங்க தலையில கட்டப் பார்த்தேன். இருந்தது ஒரே ஒரு பெட்டி. காலையில நான் ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் வாசல்ல வந்து நின்னார், திறந்ததும் வாங்கிட்டுப் போயிட்டார்."

அவள் தோள் தொய்ந்தது. "யார்னு சொல்லுங்க சார். கால்ல விழுந்தாவது கேட்டு வாங்கிக்கறேன்."

"உயிரே போனாலும் குடுக்க மாட்டார். அவர்கிட்டயும் இதே சின்னப் பெட்டியைத்தான் முதல்ல காட்டினேன், தொடவே மாட்டேன்னுட்டார். இதைவிட நீளமா ஏதாவது இருக்கா, இனிமே ஏதாவது வரப்போகுதான்னு வேற கேட்டுக் குடைஞ்சார். எதுக்குங்க இவ்வளவு நீளம்னு கேட்டதுக்கு, 'இது முடியற அன்னிக்கு என் மனைவி கிளம்பிடுவா'ன்னு சொன்னார்."