இரவல் நாடி

பூங்கோதை டார்ட்ஸ் ஆட வந்த நாள்முதல் நல்லசிவனின் நாடிதான் அவளுக்குத் துணை. ஒவ்வோர் ஆட்டக்காரரும் வேண்டியவர் ஒருவரின் நாடியை இரவல் வாங்கிக்கொள்ளலாம். கணவன் மணிக்கட்டில் நாடியை அவளுக்கு அனுப்பும் பட்டை இருக்கும். அவன் நெஞ்சு நிதானமாக அடித்தால் மேடையில் அவள் கை ஆடாது.

கோவையில் அரையிறுதி. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பயிற்சியாளர் ஜெரால்டு குனிந்து ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கீழே இருந்த நல்லசிவனுக்கு வயிறு எரிந்தது. நம்மிடம் என்றைக்காவது இப்படிச் சிரித்திருக்கிறாளா? அந்த எரிச்சல் பட்டை வழியாக மேடையேறியது. அவள் எறிந்த அம்பு பலகையின் விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது.

இடைவேளையில் விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

"அதக் கழட்டுங்க."

வாங்கி ஜெரால்டின் கையில் மாட்டினாள். அதன்பிறகு ஓர் அம்புகூடத் தவறவில்லை. ஜெயித்ததும் ஓடிப்போய் ஜெரால்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். மேடைக்கு மேலிருந்த திரையில் ஓடிய ஜெரால்டின் நாடியை நல்லசிவன் வெறித்தான். முன்பும் அறுபது, இப்போதும் அறுபதுதான்.

"பாத்தீங்களா?" என்றாள் அவனிடம் வந்து. "அவருக்கு நான் யாரோ ஒருத்திங்க. அதனாலதான் என் கை நடுங்கல."

நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. பட்டையை வாங்கக் கையை நீட்டினான்.

"ஃபைனலுக்கும் அவர்கிட்டயே இருக்கட்டுங்க."

இறுதி ஆட்டத்துக்கு அழைத்தார்கள். நல்லசிவனின் நெஞ்சு உலக்கையாய் இடித்தது. மேடையில் அவள் கை இம்மியும் ஆடவில்லை.