கரை தொடாத ஆமை

"இது விளையாட்டுச் சாமான் இல்லம்மா. மர அலங்காரப் பொருள்" என்றார் சுங்க அதிகாரி வெரெனிகி, பேனா முனையால் பலகையைத் தட்டி.

அகனீசி இறக்குமதி செய்த ஆட்டப் பலகை அவர் மேசையில் விரிந்து கிடந்தது. அதன்மேல் குட்டி மரப் படகுகள், குட்டி மர ஆமைகள்.

அடேயப்பா, இதைக் கண்டுபிடிக்க துரைக்கு ஆறு வாரமா! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விளையாட்டுச் சாமான் என்றால் வரி கிடையாது. அலங்காரப் பொருள் என்றால், அவர்கள் போடுகிற வரிக்கு ஒரு பெட்டிகூட விற்காது. துறைமுகக் கொட்டகையில் கிடக்கும் அந்தப் பெட்டிகளை நம்பித்தான் கிறிஸ்துமஸ் வரை கடையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவை வராவிட்டால் புது வருஷத்தில் கடையை மூட வேண்டியதுதான்.

"ஒரு தடவையாவது ஆடிப் பாத்தீங்களா சார்?"

"ஏம்மா, எங்களுக்கு வேற வேலை வெட்டி இல்லைன்னு நெனச்சியா? எங்க பெரியவரே பாத்துட்டாரு. அலமாரியில வெச்சா அழகா இருக்கும்னுட்டாரு. தகராறு தீர்ற வரைக்கும் நீ சாம்பிளுக்குக் குடுத்த இந்தப் பெட்டி எங்ககிட்டதான் இருக்கும்."

பெரியவர் என்றால் அலுவலகத் தலைவர். அவருடைய அறைக் கதவு வழக்கம்போலச் சாத்தியிருந்தது. உள்ளே அப்படி என்னத்தைத்தான் கிழிக்கிறாரோ.

வெரெனிகி இடுப்பில் சுலு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அப்பன் வீட்டு நாற்காலி போல ஒரு சாய்வு.

அப்போதுதான் பலகையின் ஓரத்தைப் பார்த்தாள். கவா குடிக்கிற கிண்ணம் வைத்த வட்டக் கறை. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து. புத்தம் புதுப் பலகை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கறைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காய்கள் நின்ற இடங்களைப் பார்த்தாள்.

"சரி சார். நான் ஆடிக் காட்டுறேன்."

வெரெனிகி கொட்டாவி விட்டார்.

அவள் நடுக்கடலில் நின்ற ஆமை ஒன்றை எடுத்தாள். முன்னால் நின்ற படகைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தாள்.

"ஏய், ஏய்! கரையைத் தொடாத ஆமை எப்படிம்மா படகைத் தாண்டும்?"

பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

அகனீசி அவருக்கு ஒரு விதியும் சொல்லியிருக்கவில்லை.

"தப்புதான் சார்" என்றாள் மரியாதையாக. "ஆட்டம்னா விதிப்படிதான ஆடணும்?"

வெரெனிகியின் முகம் தொங்கிவிட்டது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். விளையாட்டுச் சாமான். வரி இல்லை. கையெழுத்தும் போட்டார், ஆறு வாரமாக வராத கையெழுத்து.

"தகராறு தீந்துடுச்சு சார். என் பெட்டியைக் குடுங்க."

அவர் கை பலகையை விட்டு நகரவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ஆமையை எடுத்த இடத்துலயே வெச்சுடும்மா. ஒரு அஞ்சு நிமிஷம் பொறு." சாத்தியிருந்த கதவைக் கண்ணால் காட்டினார். "இப்ப அவரோட முறை."

அகனீசி காய்களை மொத்தமாக வாரிப் பெட்டியில் கொட்டினாள்.