பேய் வந்தால் கத்த வேண்டும்

"பேய் கையில வாட்ச் கட்டியிருக்கு பாருடா," என்று விதுஷன் காட்ட, சுதாகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெளியே மழை விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் இருவரும் மலையடியில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், சுதாகரனின் அறையில் உட்கார்ந்து மட்டமான பேய்ப்படம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பேய் வரும்போதெல்லாம் "ஐயோ, காப்பாத்துங்க" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். படத்தைவிட அதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம்.

தரையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாகச் சாய்ந்து உருண்டது.

"ஏன்டா தட்டிவிட்ட?"

"நான் தொடவே இல்லடா."

கதவு கிரீச்சிட்டது.

"வெளிய எவனோ நம்மளப் பயங்காட்டுறான். இரு, புடிக்கிறேன்."

விதுஷன் எழுந்து போய்க் கதவை இழுத்தான். அது அசையவில்லை. சுதாகரனும் சேர்ந்து இழுத்தான். கதவு நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையின் பின்சுவரில், தரையிலிருந்து கூரை வரைக்கும் புதிதாக ஒரு வெடிப்பு.

வெடிப்பின் வழியே சேறு கசிந்தது.

"எவனும் இல்லடா," சுதாகரன் சேற்றைத் தொட்டுப் பார்த்தான். "பின்னால மலை இறங்குது."

இருவரும் கதவை அடித்து அடித்துக் கத்தினார்கள்.

"ஐயோ, காப்பாத்துங்க... காப்பாத்துங்க..."

பக்கத்து அறையில் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா சிரித்தாள்.

"பயப்படாத சாமி. அண்ணன்மாரு படம் பாக்குறாங்க. நீ சாப்பிடு."